வலி தெரிகிற கை: தன்பரிவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

"அவருக்குப் பத்து நாளைக்குக் குடுங்க. எனக்கு ரெண்டு நாளைக்குப் போதும்."

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் 11 வருஷம் பில் போட்டவள் நான். இந்த வார்த்தையைத் தமிழில் கேட்டிருக்கிறேன், தெலுங்கில், உருதுவில், வங்காளத்தில் கேட்டிருக்கிறேன். கல்கத்தா பக்கமிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் அறை எடுத்து, வாடகை ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டு மாசக்கணக்கில் நோயாளியோடு தங்குகிறவர்கள் இந்தத் தெருவில் எப்போதும் உண்டு. நோயாளியின் மருந்துச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். கூட வந்தவரின் பிரஷர் மாத்திரைச் சீட்டு பையின் அடியில், நாலாய் மடிந்து, மடிப்பில் எழுத்து அழிந்து கிடக்கும்.

குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் வாங்கினார். அவர் கணவர் கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். "ஒரு டீ குடிச்சா தேவல" என்றார். அவ்வளவுதான். "உனக்காவ நான் நாயா அலையறேன், உனக்கு டீ வேற கேக்குதா" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்து நிமிஷம் கழித்து அந்த அம்மா கண் சிவந்து டீயோடு வந்தார். ஒரே ஒரு டீ. தனக்கு வாங்கவில்லை.

அந்த அம்மாவுக்கு அன்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரை விட்டு, வேலையை விட்டு, நகையை அடகு வைத்து வந்திருக்கிறார். அப்படிப்பட்ட அன்பு ஒரு டீக்கு ஏன் அப்படி வெடிக்கிறது? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை. பதில் தேடிப் படித்ததையும், என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். இந்த விஷயத்தை முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு என்று நினைத்தே எழுதுகிறேன்.

செல்ஃப் லவ், செல்ஃப் கம்பேஷன் என்று இப்போது செல்போனைத் திறந்தாலே பேச்சு. தமிழில் தன்னன்பு, தன்பரிவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம், ஆனால் ஒரே பொருள் இல்லை. 'நானும் ஒரு உயிர், எனக்கும் நல்லது நடக்க வேண்டும்' என்கிற அடிப்படை எண்ணம் தன்னன்பு. அந்த எண்ணம், நாம் அடிபட்டுக் கிடக்கிற நேரத்தில் என்ன செய்கிறது என்பது தன்பரிவு. நமக்கு வேண்டியவர் ஒருவர் தப்புப் பண்ணிவிட்டோ தோற்றுப்போயோ அழுதுகொண்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பேசுவோமோ, அதே பேச்சை நமக்கு நாமே பேசுவது. இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இதை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கிரிஸ்டின் நெஃப். 2003ல் அவர் இதற்கு ஒரு வரையறையும், அளந்து பார்க்க 26 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலும் வெளியிட்டார். அவருக்கு இந்த யோசனை கிடைத்தது பௌத்த தியானப் பழக்கத்திலிருந்து. அந்தத் தியானத்தில் 'நலமாக இருக்கட்டும்' என்கிற வாழ்த்து முதலில் தனக்கு, பிறகு பிரியமானவருக்கு, பிறகு அறிமுகமில்லாதவருக்கு, கடைசியில் பகையாளிக்கு என்று போகும். முதல் வாழ்த்து தனக்கு என்பதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் வருகிறது. ஆனால் இது நமக்குப் புதுசு இல்லை. 'தன்னைத்தான் காதலன் ஆயின்' என்றே 209ஆம் குறள் தொடங்குகிறது. ஒருவன் தன்னைத் தானே நேசிக்கிறவனாக இருந்தால், கொஞ்சம்கூட தீவினைப் பக்கம் நெருங்க வேண்டாம் என்கிறார் வள்ளுவர். தன்மேல் உள்ள அன்பை அவர் குற்றமாக நினைக்கவில்லை. பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதற்கு அதையே காரணமாக வைக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'தன்னை நேசிக்காதவரால் பிறரை நேசிக்க முடியாது' என்று பலர் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் வீட்டு அம்மாக்களைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தன்னைத் துளியும் கவனிக்காமல் பிள்ளைகளை உயிராய் வளர்த்தவர்கள்தானே அவர்கள்? ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் தங்களிடம் நடந்துகொள்வதைவிடப் பிறரிடம் கனிவாகவே நடந்துகொள்கிறார்கள். ஆக, தன்பரிவு இல்லாவிட்டாலும் அன்பு வரும். அந்த அன்பு எத்தனை நாள் தாங்கும், போகிற வழியில் யாரை எல்லாம் சுடும் என்பதுதான் கவலை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது புத்தகம் இல்லை, எங்கள் தெருத் தாத்தா ஒருவர்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். வாலிபத்தில் தொழுநோய் வந்து, காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் குணமானவர். நோய் போய்விட்டது, ஆனால் கையிலும் காலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் திண்ணையில் உட்காருவார். பித்தளைப் போகிணி நிறையத் தண்ணீர் வைத்துக் காலை ஊறவைப்பார். கையை விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு எண்ணெய் தடவிக்கொள்வார். ஒரு நாள் தவறாது.

"இன்னா தாத்தா தினம் பாக்குற?"

"எனக்கு வலி தெரியாது கண்ணு. அதான் கண்ணால பாத்துக்கிறேன்."

அன்று எனக்கு அது புரியவில்லை. வலி தெரியாமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன்.

கொல்லிமலையில் பிறந்து, 1946ல் வேலூருக்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோய் பற்றிக் கண்டறிந்த முக்கியமான விஷயமே இதுதான். விரல்கள் குறைந்துபோவது கிருமி சதையைத் தின்பதால் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அவர் உற்றுப் பார்த்தபோது தெரிந்தது வேறு. கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள், செருப்பில் ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். வலி சொல்லாததால் யாரும் அந்தப் புண்ணைக் கவனிப்பதில்லை. கவனிக்காத புண் சீழ் பிடித்துக் கையைக் கொண்டுபோகிறது. அதனால்தான், 1955ல் தொடங்கிய கரிகிரி மையம் போன்ற இடங்களில் மருந்தோடு சேர்த்துத் தினமும் கைகாலைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் கொடுத்தார்கள். இன்று கூட்டு மருந்தால் அந்த நோய் முழுதாகக் குணமாகிறது. ஆனாலும் அந்தப் பாடம் பழசாகவில்லை. வலி நம்மைக் காக்க வந்தது. அது தெரியாதபோது, தெரியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனசுக்கும் அப்படி ஒரு மரத்துப்போதல் உண்டு. நம் ஊர்களில் அதைப் பொறுமை என்று பாராட்டவும் செய்வார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல", "அதெல்லாம் பழகிடுச்சி", "என்னை விடு, மத்தவங்களைப் பாரு". வருஷக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, பசி, களைப்பு, மனத்தாங்கல் எதுவும் உறைக்காத நிலைக்கு வந்துவிடுகிறோம். உறைக்கவில்லையே தவிர, சுடுவது நிற்கவில்லை. தன்பரிவு என்பது அந்தத் தாத்தா விளக்கு வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்தது போல, எங்கே சுட்டிருக்கிறது என்று பார்த்து எண்ணெய் தடவுவது.

நெஃப் இதில் மூன்று இழைகள் இருப்பதாகச் சொல்கிறார்.

முதலாவது, உள்ளதை உள்ளபடி கவனிப்பது. இது சுலபம் போலத் தெரியும், இதுதான் கஷ்டம். 'எனக்கு இப்போது வலிக்கிறது' என்று சொல்லிக்கொள்ளாமல் நேராக அடுத்த வேலைக்குத் தாவிவிடுவோம். அல்லது அந்த வலியிலேயே மூழ்கி, 'என் வாழ்க்கையே இப்படித்தான்' என்று கதை கட்டிவிடுவோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. இன்று காலை பாலைப் பொங்கவிட்டேன், அதனால் எரிச்சலாக இருக்கிறேன். அவ்வளவு. அதற்குக் குறைவும் இல்லை, கூடவும் இல்லை.

இரண்டாவது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்வது. துன்பம் வந்தால் மனிதர் தனிமைப்பட்டுப் போகிறார். 'ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான்தான் இப்படி' என்று தோன்றும். மருந்துக் கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் சொல்கிறேன், யாரும் அப்படி நன்றாக இல்லை. கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களில் ஒவ்வொருவரும், தான் ஒருவர்தான் பொறுமை இழந்தவர் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்பவரும் அதே வெட்கத்தோடுதான் நிற்கிறார். தன்பரிவு ஏன் சுயநலம் ஆகாது என்பதற்குப் பதில் இந்த இழையில்தான் இருக்கிறது. என் வலியைப் பார்க்கும்போதே 'இது மனுஷப் பிறவிக்கு உள்ளது' என்று பார்த்தால், அடுத்தவர் வலியும் அந்தப் பார்வைக்குள் தானாக வந்துவிடும்.

மூன்றாவது கனிவு. திட்டாமல் பேசுவது. இதற்கு விளக்கம் வேண்டாம், எல்லாருக்கும் பிறரிடம் பேசத் தெரிந்த மொழிதான் இது.

திட்டாவிட்டால் மனசு சோம்பேறியாகிவிடாதா என்று கேட்பார்கள். எங்கள் வாத்தியார்களும் அப்பாக்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றில் மாணவர்கள் சறுக்கிய பிறகு, ஒரு குழுவிடம் 'இது பலருக்கும் கஷ்டமாக இருக்கும், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலிகள்தான்' என்றார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்குப் படிக்க நேரம் கொடுத்தபோது அதிக நேரம் படித்தது முதல் குழு. புகழ்ச்சி கேட்டவர்கள் இல்லை, பரிவு கேட்டவர்கள்.

இதற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. பால் கில்பர்ட் என்கிற பிரிட்டன் உளவியலாளர் மனசின் இயக்கத்தை மூன்றாகப் பிரித்து விளக்குகிறார். ஆபத்தைக் கண்டு பதறுவது ஒன்று. வேண்டியதைத் துரத்தி ஓடுவது ஒன்று. பத்திரமாக இருக்கிறோம் என்று தெரிந்து அமைதியாவது ஒன்று. தாய் மடியில் குழந்தை அடங்குகிறதே, அது மூன்றாவது. யாராவது நம்மைத் திட்டினால் முதலாவது கிளம்புகிறது. நெஞ்சு படபடக்கும், கை இறுகும். நாமே நம்மைத் திட்டிக்கொண்டாலும் அதேதான் கிளம்புகிறது. திட்டுகிறவரும் நாம், திட்டு வாங்குகிறவரும் நாம், ஓடி ஒளியவும் இடமில்லை. அப்படிப் பதறி நிற்கிற உடம்பின் முன்னால் அந்த நேரத்தில் யார் வந்தாலும், அவர் எதிராளியாகத்தான் தெரிவார். டீ கேட்ட கணவர் உட்பட.

என் கதையும் அதுதான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபிறகு நான் வேலையை விட்டேன். தினமும் கேழ்வரகுக் கஞ்சியை ஸ்பூனில் ஊட்ட வேண்டும். விழுங்க நேரமாகும், பாதி வழியும். ஒரு நாள் மத்தியானம், வெயில் தகரக் கூரையில் கொதித்த ஒரு நாளில், "வாயத் தொறயேம்மா" என்று கத்திக்கொண்டே ஸ்பூனைத் திணித்தேன். அது அம்மாவின் பல்லில் 'டக்'கென்று பட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வராது. என்னைப் பார்த்தார்.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். 'நீயெல்லாம் ஒரு பொண்ணா? பெத்தவளை அடிச்சிட்டியே' என்று என்னை நானே பேசாத பேச்சில்லை. அவ்வளவு திட்டினால் மறுநாள் நான் திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? மறுநாள் இன்னும் சீக்கிரமாகக் கத்தினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே என் குற்றம் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தைத் தாங்க முடியாமல் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தேன். ஊட்டினேன், துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், எல்லாம் செய்தேன். பார்க்க மட்டும் இல்லை.

குற்ற உணர்வும் அவமானமும் வேறு வேறு என்று பிறகுதான் படித்தேன். 'நான் செய்தது தப்பு' என்பது முதலாவது. 'நானே தப்பு' என்பது இரண்டாவது. முதலாவது இருந்தால் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். இரண்டாவது இருந்தால் ஒளியத் தோன்றும், இல்லாவிட்டால் எதிராளிமேல் பழி போடத் தோன்றும். "நான் சும்மாவா கத்தினேன்? நீதானே கத்த வச்சே." எத்தனை வீட்டில் எத்தனை சண்டை இந்த வாக்கியத்தில் முடியாமல் நிற்கிறது! தன் தப்பைக் கையில் எடுத்துப் பார்க்கத் தைரியம் வேண்டும். பார்த்தால் செத்துப்போக மாட்டோம் என்கிற தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைத் தருவது தன்பரிவு. 'களைத்துப் போயிருந்தாய். கத்திவிட்டாய். அது அம்மாவுக்கு வலித்தது. இப்போது போய் அவர் கையைப் பிடி' என்று ஒருவர் உள்ளிருந்து சொன்னால் கால் எழுந்து நடக்கும்.

எனக்கு அதை முதலில் வெளியிலிருந்து சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. குளியலறையிலிருந்து வீங்கிய முகத்தோடு வந்தவளை இன்னொரு நாள் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ துன்னியாம்மா?" மணி நாலாகியிருந்தது. நான் சாப்பிடவில்லை என்பது அவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

தன்பரிவு பிறரோடு உள்ள உறவுக்கு எப்படி அஸ்திவாரம் ஆகிறது என்று கேட்டால், நான் இரண்டு மூன்று இடங்களைக் காட்டுவேன்.

'நான் தாங்கலையா?' என்கிற கேள்வி நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. தன் மாமியாரிடம் பட்டதைப் பட்டதாக ஒத்துக்கொள்ளாத பெண், மருமகள் முகம் வாடினால் 'இதுக்கே இப்பிடியா' என்பார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கக் குனிந்து தையல் போடும் சீனியர் பெண், புதிதாக வந்த பிள்ளை முதுகு வலிக்கிறது என்றால் "நாங்கெல்லாம் எப்பிடிக் கீறோம்?" என்பார். அவர் கொடுமைக்காரர் இல்லை. தன் முதுகு வலியை மதித்தால்தானே அடுத்தவர் முதுகு வலியை மதிக்க முடியும்? தன் உயிருக்குத் துன்பம் எப்படிப்பட்டது என்று அறிந்தவன் மற்ற உயிருக்கு அதைச் செய்வது ஏனோ என்று வள்ளுவர் 318ஆம் குறளில் கேட்கிறார். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில்: அறியாமல் பண்ணிவிட்டோம், எங்கள் வலியையே நாங்கள் அறிய விடவில்லை.

அடுத்தது கணவன் மனைவி. நெஃப்பும் இன்னொரு ஆய்வாளரும் 104 ஜோடிகளிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வில், தன்பரிவு உள்ளவர்களைப் பற்றி அவர்களுடைய துணையிடமே கேட்டார்கள். என்னோடு மனசால் நெருக்கமாக இருக்கிறார், என்னை என் போக்கில் விடுகிறார், அடக்கி ஆள்வதும் கடுஞ்சொல்லும் குறைவு என்று துணைகள் சொன்னார்கள். இதில் எனக்குப் பிடித்தது, கேட்டது துணையை என்பது. தன்னைப் பற்றித் தானே நல்லவிதமாகச் சொல்வது யாருக்கும் முடியும். யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். தன் தேவையைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்கிறவர், எதிரில் இருப்பவர் முகத்திலிருந்து அதைப் பிடுங்க வேண்டியதில்லை. கொடுத்ததற்கு உள்ளுக்குள் கணக்கு எழுதி வைக்க வேண்டியதும் இல்லை.

மூன்றாவது, நோயாளியோடு இருக்கிறவர்கள் எல்லாருக்கும் வேண்டியது. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தானியா சிங்கர் குழுவினர் செய்த ஆய்வுகள், அடுத்தவர் துன்பத்தைக் கண்டு கலங்குவதும் பரிவு கொள்வதும் மூளையில் வேறு வேறு இடங்களைத் தொடுகின்றன என்று காட்டின. பிறர் வலியை அப்படியே தன்மேல் வாங்கிக்கொள்ளப் பழகியவர்களுக்குச் சோர்வும் வேதனையும் கூடின. அதே ஆட்களுக்குப் பிறகு பரிவுப் பயிற்சி கொடுத்தபோது மனசில் இதமும் தெம்பும் திரும்பின. கிணற்றில் விழுந்தவரைப் பார்த்துத் தானும் குதிப்பது கலக்கம். கரையில் காலை ஊன்றிக் கயிறு விடுவது பரிவு. ஊன்ற ஒரு கரை வேண்டுமே, அந்தக் கரையைத்தான் தன்பரிவு என்கிறோம்.

வாங்கத் தெரிவதும் இதில் அடக்கம். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றைப் பாகாயத்தில் 1966ல் உருவாக்கினார். அவர் மனசுக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நாற்காலியில் அமர்ந்த மருத்துவரும் விரல் மடங்கிய நோயாளியும் எதிரெதிரே இருந்த அந்த அறையை நினைக்கும்போது, உதவி செய்கிறவர் முழுசாக இருக்க வேண்டும் என்கிற நம்பிக்கை எனக்குள் உடைகிறது.

எங்கிருந்து தொடங்குவது? பெரிய ஏற்பாடு வேண்டாம். எண்ணெய்க் குளியல், ஸ்பா, சுற்றுலா என்று விற்கிறார்களே, அதெல்லாம் முடிந்தால் நல்லது, ஆனால் அது இல்லை இது.

கத்திவிட்ட நேரம், தப்புப் பண்ணிவிட்ட நேரம், நெஞ்சில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையும் வைத்து இருபது விநாடி மூச்சு விடுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். ஜெர்மனியில் நடந்து 2021ல் வெளியான ஒரு ஆய்வில், பதற்றமான ஒரு பரீட்சையை எதிர்கொண்டவர்களில் இப்படிக் கை வைத்துக்கொண்டவர்களுக்கு, மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. யாராவது கட்டிப்பிடித்தவர்களுக்கும் அப்படியே. உடம்புக்குத் தொடுவது யார் கை என்பது முக்கியமில்லை போலிருக்கிறது.

அந்த இருபது விநாடியில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இதே தப்பைப் பண்ணிவிட்டு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்? அதை உங்கள் பெயர் சொல்லி, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். புத்தகத் தமிழில் சொன்னால் ஒட்டாது. எனக்கு "உடு கண்ணு, துன்ட்டு வா" என்றால்தான் ஒட்டுகிறது.

சிலருக்கு இதைத் தொடங்கியதும் அழுகை பொங்கும், பழைய காயம் எல்லாம் மேலே வரும். மரத்துப்போன கால் உணர்வு திரும்பும்போது முள்முள்ளாய்க் குத்துமே, அது போல. பயப்பட வேண்டாம், ஆனால் வேகமாகவும் போக வேண்டாம். தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பல நாளாகத் தூக்கம் இல்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் இது போதாது. டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416ஐக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்ணிடம் 'உன்னை நேசி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். பந்தியில் அவருக்கும் இலை போடுவது வீட்டார் வேலை. கூலி குறைவு, ஓய்வு இல்லை, பார்த்துக்கொள்ள மாற்று ஆள் இல்லை என்பதெல்லாம் ஒருவர் மனசுக்குள் சரிசெய்கிற விஷயங்கள் இல்லை. ஆனால் தன் வலியை மதிக்கிறவர்தான் "எனக்கும் ஒரு நாள் லீவு வேணும், அண்ணனை வந்து பாத்துக்கச் சொல்லு" என்று வாய் திறந்து கேட்பார். நான் அப்படிக் கேட்டது அம்மா படுத்து ஒன்றரை வருஷம் கழித்து. அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கஞ்சியைச் சிந்துகிறான், சட்டையெல்லாம் ஆக்கிக்கொள்கிறான். அம்மாவின் முகத்தின் இடது பக்கம் அப்போது லேசாகச் சிரிக்கிறது.

ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் நானும் இப்போது திண்ணைத் தாத்தா போல ஒரு நிமிஷம் உட்காருகிறேன். இன்று எங்கே சுட்டது என்று கேட்டுப் பார்க்கிறேன். சில நாள் பதில் மனசிலிருந்து வரும். சில நாள் ஒன்றும் வராது, எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். நேற்று வந்த பதில் முழங்கால். இத்தனை நாளாய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ஊட்டியிருக்கிறேன். இன்று கடைத்தெருவுக்குப் போய் உயரமாய் ஒரு முக்காலி வாங்கி வந்தேன். அதில் உட்கார்ந்தால் அம்மாவின் கண்ணுக்கு நேராக என் கண் வருகிறது.